முள்வேலிக்குள் இரும்பு தூக்கிய பையன்

(எமது தோட்ட இளைஞர் கழகத்தின் உடற்பயிற்சி அறை திறக்கப்பட்ட அன்று, ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறிது சுருக்கித் தருகிறோம்.)



இன்று காலை நான் மேலே ஏறி வரும்போது, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு அம்மா என்னை வழியில் நிறுத்திக் கேட்டார்: "இரும்பு தூக்குறதுக்குன்னு ஒரு காம்பராவா சார்? நாங்க தூக்காத பாரமா? விறகுக்கட்டு இல்லையா, கொழுந்துச் சாக்கு இல்லையா, தண்ணிக்குடம் இல்லையா? புள்ளைங்க சும்மா இரும்பைத் தூக்கிக் கீழ போடணுமா?"

கேள்வி நியாயமானதுதான். அந்த அம்மாவும் இப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பழைய பிள்ளைக்காம்பராவுக்கு வெள்ளையடித்து, இரண்டு கம்பியும் கொஞ்சம் இரும்புத் தட்டுகளும் வாங்கி வைத்திருக்கிறோம். அதற்கு ஒரு விழா வேறு. ஏன் இதெல்லாம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும் என்றால் ஒரு மனிதரின் கதையைத்தான் சொல்ல வேண்டும். நம்ம நாட்டுக்காரர் இல்லை. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியப் பிள்ளை. பெயர் டொமி கோனோ.

1930ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் திகதி, கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகரான சாக்ரமென்டோவில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் டாமியோ. நாலு ஆண் பிள்ளைகளில் கடைசி. பெற்றோர் ஜப்பானிலிருந்து பிழைக்கப் போனவர்கள். பையனுக்கு இழுப்பு நோய். சாதாரண இழுப்பு இல்லை, பாடசாலை நாட்களில் மூன்றில் ஒரு பங்கு படுக்கையில்தான் போனது. மெலிந்த உடம்பு, மூக்குக்கண்ணாடி. மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாட இவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. நான் வாத்தியாராக வந்த புதிதில் எங்கள் வகுப்பில் இழுப்புக்காரப் பையன் ஒருவன் இருந்தான். அவன் தாய் வந்து, "ஓட விடாதீங்க சார், மூச்சு வாங்கும்" என்றார். நானும் நல்லது செய்கிறோம் என்று நினைத்து அவனை சவுக்கு மரத்தடியில் உட்கார வைத்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐந்து வருஷம். விளையாட்டுப் போட்டி நாளில் கூட மற்றப் பிள்ளைகளின் செருப்புக்குக் காவல் அவன்தான். பாடசாலையை விட்டுப் போகும்போது அவனுக்கு நோயைவிடப் பயந்தான் பெரிதாக இருந்தது. அந்தப் பயத்தில் பாதி நான் கொடுத்தது. இழுப்பு உள்ள பிள்ளையும் தகுந்த மருந்தோடு, வைத்தியரின் சொல்கேட்டு, அளவாக விளையாடலாம், பயிற்சி செய்யலாம். இது இன்று எந்த வைத்தியரைக் கேட்டாலும் சொல்வார். அன்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

சரி, கோனோவிடம் வருவோம்.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. யுத்தம். 1942 பெப்ரவரி 19ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு கட்டளையில் கையெழுத்து வைத்தார். மேற்குக் கரையோரத்தில் இருந்த ஜப்பானிய வம்சத்தார் எல்லோரையும் வெளியேற்றி முகாம்களில் அடைத்தார்கள். ஏறத்தாழ 1,20,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த மண்ணிலேயே பிறந்த பிரஜைகள். குற்றம் விசாரிக்கவில்லை, வழக்கு இல்லை. கையில் தூக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். குடும்பத்துக்கு ஒரு இலக்கம் கொடுத்தார்கள். கடை வைத்திருந்தவர் கடையையும் தோட்டம் வைத்திருந்தவர் தோட்டத்தையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

கோனோ குடும்பம் போய்ச் சேர்ந்த முகாமின் பெயர் டூலி லேக். கலிபோர்னியாவின் வடக்கு எல்லையில், ஒரு ஏரியை வற்றவைத்த நிலம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 அடி. நம்ம ஹட்டன் டவுன் இருக்கிற உயரந்தான் கிட்டத்தட்ட. ஆனால் மழையும் மூடுபனியும் பச்சையும் அங்கே கிடையாது. காய்ந்த காற்று, புழுதி, குளிர்காலத்தில் எலும்பைக் குடையும் குளிர். நீளநீளமான பலகைக் கட்டடங்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே அறை, நடுவில் ஒரு இரும்பு அடுப்பு. குளிக்க, மலசலம் கழிக்க, சாப்பிட எல்லாவற்றுக்கும் பொது இடம், வரிசையில் நிற்க வேண்டும். அடுத்த அறையில் இருமினால் இங்கே கேட்கும். நான் விபரிக்க விபரிக்க நீங்கள் தலையாட்டுவது தெரிகிறது. லயத்தில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் வித்தியாசம்: அங்கே சுற்றிவர முள்வேலி, மூலைக்கு மூலை காவற்கோபுரம், கோபுரத்தில் துப்பாக்கி பிடித்த சிப்பாய். 1943க்குப் பிறகு, மற்ற முகாம்களில் 'விசுவாசம் இல்லாதவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களையும் அங்கேதான் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரு கட்டத்தில் 18,000 பேருக்கு மேல். காவல் இன்னும் இறுகியது.

அந்த முகாமுக்குள் போகும்போது டாமியோவுக்கு வயது பன்னிரண்டு. வெளியே வரும்போது பதினைந்து. மூன்றரை வருஷம்.

பக்கத்துக் கட்டடங்களில் இருந்த இளைஞர்கள் சிலர் இரும்பு தூக்கிப் பழகிக்கொண்டிருந்தார்கள். செய்ய வேறு வேலை இல்லை, போக வேறு இடம் இல்லை. இந்த நோஞ்சான் பையனையும் கூப்பிட்டார்கள். "உனக்கு ஏலாது, தள்ளி நில்" என்று சொல்லவில்லை. பதினாலு வயதில் அவன் முதல்முறை கம்பியைத் தொட்டான். சின்னப் பாரம். அடுத்த கிழமை அதைவிடக் கொஞ்சம் கூட. காய்ந்த காற்று மூச்சுக்கு ஒத்துப்போனது. நெஞ்சு விரிந்தது, தோள் திரண்டது. முகாமை விட்டு வரும்போது நோயாளிப் பிள்ளையாக வரவில்லை.

இதை வைத்துச் சிலர் ஒரு கதை கட்டுவார்கள். "பார்த்தீர்களா, முகாம் அவருக்கு நல்லதாகப் போயிற்று. கஷ்டந்தான் மனுஷனைப் பலசாலியாக்கும்" என்று. கோனோவும் பிற்காலத்தில் அந்த முகாமின் காற்று தனக்கு உதவியது என்று சொல்லியிருக்கிறார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு கிடையாது. காய்ந்த காற்றைச் சுவாசிக்க முள்வேலி எதற்கு? நம்மைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்கள், 'மலையில் கஷ்டப்பட்டு உரமேறிய உடம்பு' என்று. உரமேறிய உடம்பு நாற்பத்தைந்து வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரி வாசலில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனுக்கு நன்மை செய்தது பக்கத்துக் காம்பராப் பையன்கள். அவர்கள் கூப்பிட்டார்கள், பழக்கிக் கொடுத்தார்கள். அந்த நன்றியைக் காவற்கோபுரத்துக்குக் கொடுக்கக் கூடாது.

பின்வரிசை அம்மாவுக்கு என் பதிலில் பாதி இதுதான். உங்கள் விறகுக்கட்டு எத்தனை கிலோ என்று நீங்கள் தீர்மானிப்பதில்லை. முதுகு வலிக்கிறதென்று இன்றைக்குப் பாதியாக்க முடியாது. இந்த அறையில் பிள்ளை தன்னால் முடிந்த பாரத்தைத் தானே போட்டுக்கொள்ளும். முடியாவிட்டால் ஒரு தட்டைக் கழற்றிவிடும்.

யுத்தம் முடிந்து 1945 கடைசியில் குடும்பம் சாக்ரமென்டோவுக்குத் திரும்பியது. படிப்பை முடித்து வேலைக்குப் போய்க்கொண்டே, கிடைத்த இடத்தில் பயிற்சி. 1948இல் போட்டிகளில் இறங்கத் தொடங்கினார். பிறகு கொரிய யுத்தம் வந்தது. இராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது இவரையும் எடுத்தார்கள். எந்த அரசாங்கம் எதிரி என்று அடைத்ததோ அதே அரசாங்கத்தின் சீருடை. சமையற்காரராகப் பழக்கப்பட்டுக் கொரியாவுக்குப் போக இருந்தவரை, ஒலிம்பிக்கில் பதக்கம் எடுக்கக்கூடியவர் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்கள்.

1952 ஜூலையில் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் நடந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்த ஒரு விஷயம் என் மனதை விட்டுப் போகாது. ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள் எத்தனை வருஷம் அமெரிக்காவில் உழைத்தாலும் பிரஜாவுரிமை கேட்க முடியாது என்பது அதுவரை சட்டம். அந்தத் தடையை நீக்கும் சட்டம் அமெரிக்கக் காங்கிரஸில் நிறைவேறிய நாள் 1952 ஜூன் 27. கோனோவின் இருபத்திரண்டாவது பிறந்தநாள். நடைமுறைக்கு வந்தது டிசம்பரில். அதாவது மகன் அமெரிக்கக் கொடியின் கீழ் மேடையேறும்போது, அவனைப் பெற்ற தலைமுறைக்கு அந்த நாட்டில் பிரஜையாக இன்னும் வழியில்லை.

பெரியவர்கள் சிலர் சிரிக்கிறீர்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று தெரியும். நம்ம கதை அதையும்விடக் கொடுமை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில், இங்கே பிறந்த பிள்ளைக்கும் கிடையாது என்று ஆகிப்போனது. 1947இல் வோட்டுப் போட்ட கை 1952இல் போட முடியவில்லை. மிச்சம் இருந்தவர்களுக்கும் தீர்வு என்று 2003இல்தான் சட்டம் வந்தது. அதைப் பேச இன்றைக்கு நேரமில்லை, விழா விடியும்வரை போகும்.

ஹெல்சிங்கிக்கு வருவோம். அந்தக் காலத்தில் பளுதூக்கலில் மூன்று முறை உண்டு. முதலாவது பிரஸ்: கம்பியைத் தோளுக்குக் கொண்டுவந்து, காலை மடக்காமல், கைப்பலத்தால் மேலே தள்ள வேண்டும். இரண்டாவது ஸ்நாட்ச்: தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல். மூன்றாவது கிளீன் அண்ட் ஜெர்க்: முதலில் தோளுக்கு, பிறகு கால்களின் உதவியோடு தலைக்கு மேல். மூன்றிலும் தூக்கிய ஆகக்கூடிய பாரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். பிரஸ் முறையை 1972க்குப் பிறகு எடுத்துவிட்டார்கள், இப்போது மற்ற இரண்டும்தான்.

கோனோ இறங்கியது 67.5 கிலோ உடல் எடைப் பிரிவில். பிரஸ்ஸில் 105, ஸ்நாட்ச்சில் 117.5, ஜெர்க்கில் 140 கிலோ. மொத்தம் 362.5. இரண்டாவதாக வந்த சோவியத் வீரரைவிட 12.5 கிலோ கூட. தங்கப் பதக்கம். 140 கிலோ என்றால் கணக்குப் போட்டுப் பாருங்க, மூன்று சீமெந்து மூட்டைக்குப் பத்துக் கிலோதான் குறைவு. தூக்கியவரின் உயரம் ஐந்தரை அடி.

அதன் பிறகு எட்டு வருஷம், 1952 முதல் 1959 வரை, உலகப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் அவரை யாரும் வெல்லவில்லை. ஆறு உலகப் பட்டம், இரண்டு ஒலிம்பிக் தங்கம். இதில் அதிசயம் என்னவென்றால், அவர் ஒரே எடைப் பிரிவில் நின்றவர் இல்லை. அணிக்கு எந்தப் பிரிவில் ஆள் தேவையோ அங்கே போவார். சாப்பாட்டு வேளையைக் கூட்டி எடை ஏற்றுவார், குறைத்து இறக்குவார். 67.5, 75, 82.5, 90 என்று நான்கு பிரிவுகளில் உலக சாதனை வைத்தார்.  மொத்தம் 26 உலக சாதனைகள். 1956இல் மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் 82.5 கிலோப் பிரிவில் 447.5 கிலோ தூக்கினார், அடுத்தவரைவிட 20 கிலோ கூட. உடற்கட்டழகிலும் மூன்று முறை 'மிஸ்டர் யுனிவர்ஸ்'.

தம்பிமார் எல்லோருக்கும் ஆர்னோல்ட் சுவார்ஸ்நெகரைத் தெரியும், படம் பார்த்திருப்பீர்கள். அவர் பதின்ம வயதில் வியன்னா உலகப் போட்டியில் கோனோவைப் பார்த்துத்தான் ஊக்கம் பெற்றதாகச் சொன்னவர். பிற்பாடு அதே ஆர்னோல்ட் கலிபோர்னியாவின் ஆளுநராகி, கோனோ பிறந்த சாக்ரமென்டோவில் போய் உட்கார்ந்தார்!

மேடையில் கோனோ சத்தம் போடமாட்டார், கையைக் காலை உதறமாட்டார். கம்பியின் முன் அமைதியாக நிற்பார், அதை மட்டும் பார்ப்பார். அவரோடு மோதிய சோவியத் வீரர் ஒருவர், கோனோ ஓரத்தில் நின்று பார்த்தால் மலைப்பாம்பின் முன் முயல் மாதிரி ஆகிவிடுவேன் என்று சொன்னதாகச் சொல்வார்கள். பாரம் தூக்குவதில் பாதி மனசில் என்பதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தோற்கவும் செய்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் முழங்கால் தொந்தரவோடு இறங்கினார். சோவியத் வீரர் குரினோவ் 437.5 தூக்கினார், கோனோ 427.5. வெள்ளிப் பதக்கம். மூன்று ஒலிம்பிக், மூன்று பதக்கம். அதோடு இறங்குமுகந்தான். ஆனால் அந்தக் கெட்டுப்போன முழங்காலை வைத்தே ஒரு காரியம் செய்தார். முழங்காலுக்குச் சூடும் பிடிமானமும் கொடுக்கும் ரப்பர் பட்டை ஒன்றைத் தயாரித்தார். இன்றைக்கு எந்தப் பளுதூக்கும் மேடையில் பார்த்தாலும் வீரர்களின் முழங்காலில் அந்த மாதிரிப் பட்டையைக் காணலாம்.

1955லிருந்து அவர் வாழ்ந்தது ஹவாய்த் தீவில். அதுவும் ஒரு தோட்டத் தேசந்தான். அங்கே கரும்பும் அன்னாசியும். ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் போன தொழிலாளர் முகாம் முகாமாக இருந்த இடம். அங்கே பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுத்தார். 1968இல் மெக்சிகோ அணிக்கும் 1972இல் மேற்கு ஜெர்மனி அணிக்கும் 1976இல் அமெரிக்க அணிக்கும் ஒலிம்பிக்கில் பயிற்றுநர். பெண்களுக்கென்று முதலாவது உலகப் போட்டி நடந்தது 1987இல். அந்த வருஷங்களில் அமெரிக்கப் பெண்கள் அணியைப் பழக்கியவரும் அவர்தான். பெண்பிள்ளைகளுக்கு இரும்பு எதற்கு என்று இங்கேயும் ஒருவர் கேட்டார், அதற்காகச் சொல்கிறேன். இந்தத் தோட்டத்தில் அதிகப் பாரம் சுமப்பது யார் என்று அவரே சொல்லட்டும்.

1988இல் அமெரிக்க அரசாங்கம் அந்த முகாம்களுக்காக மன்னிப்புக் கேட்டுச் சட்டம் இயற்றியது. உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர். நாற்பத்தாறு வருஷம் சென்று. அதற்குள் பெற்றோர் தலைமுறையில் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விட்டது. கோனோ 2016 ஏப்ரல் 24ஆம் திகதி ஹொனலுலுவில் காலமானார். வயது 85. சின்ன வயதில் மூச்சுவிடச் சிரமப்பட்ட பிள்ளைக்கு அது நல்ல ஆயுள்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய மற்றப் பாதி இது. கோனோ பழக்கும்போது முதலில் பார்ப்பது பாரத்தை அல்ல, தூக்கும் விதத்தை. பாதம் ஊன்றியிருக்கிறதா, முதுகு நேராக இருக்கிறதா, கம்பி உடம்பை ஒட்டி வருகிறதா, காலால் எழும்புகிறாரா. குனிந்து முதுகை வளைத்துத் தூக்கினால் பத்துக் கிலோவும் இடுப்பைப் பிடிக்கும். இது இரும்புக்கு மட்டும் இல்லை, தண்ணீர்க் குடத்துக்கும் இதேதான். சாக்கை எடுக்கும்போது எட்ட நின்று இழுக்காதீர்கள். கிட்டப் போய், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, நெஞ்சோடு அணைத்து, காலைக் கொடுத்து எழும்புங்கள். தூக்கியபின் இடுப்பைத் திருப்பாதீர்கள், பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். இங்கே பிள்ளைகள் பழகினால் வீட்டில் வந்து உங்களுக்கும் காட்டிக் கொடுப்பார்கள்.

இப்போது அறையின் ஒழுங்கு. கழகத்தில் பேசித் தீர்மானித்ததை வாசிக்கிறேன். சாவி கழகச் செயலாளரிடம் இருக்கும். பின்னேரம் ஐந்து மணிக்குத் திறந்து ஏழரைக்குப் பூட்டப்படும். சனிக்கிழமை காலை பெண்பிள்ளைகளுக்கு மட்டும். யாரும் தனியாகத் தூக்கக் கூடாது, பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். முதல் மாதம் எல்லோருக்கும் வெறும் கம்பிதான், தட்டுப் போடுவதில்லை. குடித்துவிட்டு வருபவருக்குக் கதவு இல்லை. இழுப்பு, நெஞ்சுக் கோளாறு உள்ள பிள்ளைகள் முதலில் மருந்துக்காரரிடம் காட்டிவிட்டு வரட்டும். வந்தால் உள்ளே விடுங்கள். செருப்புக்குக் காவல் வைக்காதீர்கள்.

பெயர் பதியும் கொப்பி வாசலில் மேசைமேல் இருக்கிறது.